ஸ்பைடர்மேன் படங்களை ஒப்பிட ஒரு காட்சி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு பதிப்பின் சினிமாப் பக்கத்தில் மூன்று ஸ்பைடர்மேன்களில் யார் சிறந்தவர் என்று கேட்டு, வாசகர்களின் பதில்களைப் பிரசுரித்திருந்தீர்கள். ரோபி மக்வயர் (2002, 2004, 2007 படங்கள்), அன்ட்ரூ கார்ஃபீல்ட் (2012, 2014), ரொம் ஹொலண்ட் (2016 முதல்) ஆகிய மூவருக்கும் நடிப்பு, சண்டை, நகைச்சுவை, காதல் என்ற நான்கு தலைப்புகளில் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போடப்பட்டிருந்தது. எங்கள் திருகோணமலை மாவட்டத்துப் பிள்ளைகள் பலரும் எழுதியிருந்ததைக் கண்டு மகிழ்ந்தோம். அந்த ஆர்வத்தை மதிக்கிறோம், அதனாலேயே இதை எழுதுகிறோம். ஒன்று தகவல் திருத்தம். மற்றது ஒப்பிடும் முறை பற்றியது.

திருத்தத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். கட்டுரையின் ஓரத்தில் இருந்த பெட்டிச் செய்தியில், பெரும் சக்தியோடு பெரும் பொறுப்பும் வருகிறது என்ற வாசகத்தை 1962 இல் வெளிவந்த முதல் கொமிக்ஸ் கதையில், ஸ்பைடர்மேனாக மாறும் பீற்றருக்கு அவனை வளர்த்த பெரியப்பா பென் சொல்வதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஸ்டான் லீ எழுதி ஸ்டீவ் டிட்கோ வரைந்த அந்தக் கதை, அமேசிங் ஃபன்டசி இதழின் 15ஆம் இலக்கத்தில் 1962 ஓகஸ்ட் திகதியோடு வந்தது. மொத்தம் 11 பக்கங்கள். அதில் பென் அப்படி எதையும் சொல்வதில்லை. கடைசிக் கட்டத்தில், பீற்றர் தலைகுனிந்து இருளில் நடந்து போகும்போது, கதைசொல்லியின் குரலாக மேலே எழுதப்பட்ட வரி அது. அந்த வரியைப் பென்னின் வாயில் வைத்து அவருடைய அறிவுரையாகவே உலகம் முழுக்க நிலைநிறுத்தியது இயக்குநர் சாம் ரெய்மியின் 2002ஆம் ஆண்டுப் படம்.

இதைச் சின்னத் தகவல் பிழை என்று விட்டுவிட முடியாது. முதல் கதையில் பீற்றருக்கு முன்கூட்டி யாரும் எச்சரிக்கை செய்யவில்லை. நடந்து முடிந்த பின்தான் அவனுக்குப் புரிகிறது. 2002 இல் பெரியப்பா காரில் வைத்துச் சொல்லிவிட்டார், அவன் கேட்கவில்லை. அறியாமல் செய்த தவறு, சொல்லியும் கேளாமல் செய்த தவறாக மாறிவிட்டது. ஒரு வரியை இடம் மாற்றியதால் பாத்திரத்தின் குற்றவுணர்வே வேறாகிவிட்டது.

இராவணன் வெட்டியதாகச் சொல்லப்படும் பாறைப் பிளவான இராவணன் வெட்டைப் பார்த்து வளரும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இந்த வகை ஒப்பீடு புதிதல்ல. வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனில் அவளைத் தீண்டாமல், பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துச் செல்கிறான். எந்த இராவணன் சிறந்தவன் என்று யாரும் புள்ளி போடுவதில்லை. ஒரே சம்பவம், ஒரு மாற்றம், அந்த மாற்றத்தால் இராவணனும் சீதையும் பின்னால் வரும் எல்லாமும் எப்படி மாறுகின்றன என்றுதான் பேசுகிறோம். ஸ்பைடர்மேனுக்கும் அதே மரியாதையைக் கொடுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை. நடிகரை விட்டுவிட்டு ஒரு காட்சியை எடுத்து வைத்துப் பாருங்கள்.

எந்தக் காட்சி? திருடனைத் தப்பவிடும் காட்சி. ஸ்பைடர்மேன் கதையின் ஆணிவேர் அதுதான்.

1962 கதையில் பீற்றர் தொலைக்காட்சி நிலையத்தில் வித்தை காட்டிப் புகழ் பெற்ற மிதப்பில் நிற்கிறான். திருடன் ஓடிவருகிறான், பின்னால் பொலிஸ்காரர் பிடிக்கச் சொல்லிக் கத்துகிறார், இவன் ஒதுங்கி நிற்கிறான். அவனுக்கு யாரும் எந்த அநியாயமும் செய்யவில்லை. வெறும் அலட்சியம். சில நாள் கழித்து அதே திருடன் பென்னை அவருடைய வீட்டிலேயே கொல்கிறான்.

ரெய்மி இதை மாற்றினார். மல்யுத்த மேடையில் மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் 3000 டொலர் என்று விளம்பரம். பீற்றர் அதற்கு முன்பே எதிராளியை வீழ்த்திவிடுகிறான். மூன்று நிமிடம் ஆகவில்லை என்று சொல்லி 100 டொலரைக் கொடுத்து அனுப்புகிறார் ஏற்பாட்டாளர். பணம் தேவை என்று பீற்றர் சொல்ல, அது என் பிரச்சினை என்று எங்கே இருக்கிறது என்கிற தொனியில் பதில் வருகிறது. சற்று நேரத்தில் அந்த ஏற்பாட்டாளரிடமே கொள்ளையடித்த திருடன் ஓடிவருகிறான். பீற்றர் விலகி, மின்தூக்கிக்கு வழிவிடுகிறான். ஏற்பாட்டாளர் ஏன் விட்டாய் என்று கேட்டதும், சற்றுமுன் தான் கேட்ட அதே வசனத்தை அப்படியே திருப்பிக் கொடுக்கிறான். இந்த இடத்தில் திரையரங்கில் பார்ப்பவரும் பீற்றரின் பக்கம்தான். அந்த வசனத்துக்குச் சிரிக்கிறோம். அடுத்த சில நிமிடங்களில் பென் தெருவில் சரிந்து கிடக்கும்போது நம் சிரிப்பும் குற்றத்தில் பங்காகிவிடுகிறது. ரெய்மி செய்த மாற்றத்தின் வேலை இதுதான்: பார்வையாளரையும் கூட்டாளியாக்குவது. எங்கள் பார்வையில், இந்தக் கதையில் இதுவரை செய்யப்பட்ட மாற்றங்களில் மிகக் கெட்டித்தனமானது இதுவே.

2012 இல் மார்க் வெப் இயக்கிய படத்தில் மல்யுத்தமும் இல்லை, ஆயிரக்கணக்கான டொலரும் இல்லை. பெரியம்மா மேயை அழைத்துவர மறந்ததால் வீட்டில் வாக்குவாதம். பீற்றர் கதவை அறைந்துவிட்டு வெளியேறி, கடையில் பால் வாங்கப் போகிறான். இரண்டு சதம் குறைகிறது. சில்லறைத் தட்டில் இருந்து எடுக்கக் காசாளர் விடவில்லை. பின்னால் நின்றவன் கல்லாப்பெட்டியில் கைவைத்துவிட்டு, போகிற போக்கில் பாலைப் பீற்றரிடம் எறிகிறான். பீற்றர் அதைப் பிடித்துக்கொள்கிறான். இந்தப் பிடித்துக்கொள்ளுதலைக் கவனியுங்கள். மற்ற வடிவங்களில் அவன் வழியை விட்டு விலகுகிறான். இங்கே களவில் இருந்து பங்கு வாங்குகிறான். தொகை இரண்டு சதம்தான், ஆனால் குற்றம் கூடியது. இவ்வளவு நுட்பமான காட்சியை எழுதிவிட்டு அதன் பலனைப் படம் கைவிட்டுவிட்டது என்பது எங்கள் வருத்தம். அந்தத் திருடனே பென்னைச் சுடுகிறான். மணிக்கட்டில் நட்சத்திரம் பச்சை குத்திய அந்தக் கொலையாளியைப் பீற்றர் தேடித் தேடிப் போகிறான், பிறகு கதை படத்தின் எதிரியான பல்லி மனிதனிடம் போய்விடுகிறது. கொலையாளி அகப்படவே இல்லை. தப்பவிட்ட அந்த முகத்தைப் பீற்றர் நேருக்கு நேர் பார்க்கும் கணம் இந்தப் படத்தில் இல்லை. 1962 கதைக்கும் 2002 படத்தின் முதற்பகுதிக்கும் அந்தக் கணம்தான் உச்சம்.

2007இன் மூன்றாம் படத்தில் ரெய்மியே தன் முதல் படத்தில் கைவைத்தார். பென்னைச் சுட்டது அந்தத் திருடனல்ல, அவனுடைய கூட்டாளி ஃபிளிண்ட் மார்க்கோ என்று வருகிறது. இதனால் பீற்றரின் குற்றம் கழன்றுவிட்டது என்பது ரசிகர்கள் பலருடைய குறை. காட்சியை இன்னொருமுறை பார்த்தால் அப்படி முழுதாகக் கழலவில்லை. மார்க்கோ கையில் துப்பாக்கியோடு காருக்கு அருகே நிற்கிறான், பென் அமைதியாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பணத்தோடு கூட்டாளி ஓடிவந்த அந்தப் பதற்றத்தில்தான் வெடி விழுகிறது. ஓடிவந்தவன் பீற்றர் வழிவிட்டவன். சங்கிலி அறுபடவில்லை, ஒரு கண்ணி கூடியிருக்கிறது. ஆனால் அந்தக் கண்ணியைப் படம் ஒரு வசனத்திலாவது பீற்றரை எண்ணிப் பார்க்க விடவில்லை. வெனம் என்ற இன்னொரு எதிரியையும் அதே படத்துக்குள் திணிக்க வேண்டியிருந்ததால் அதற்கு இடமும் இருக்கவில்லை.

ரொம் ஹொலண்ட் படங்களில் திருடனும் இல்லை, பென் இறக்கும் காட்சியும் இல்லை. 2016இன் சிவில் வோர் படத்தில் தன்னால் முடிந்ததைச் செய்யாமல் இருந்து கெட்டது நடந்தால் அதற்குத் தானே காரணம் என்ற பொருளில் பீற்றர் ஒரு வசனம் பேசுகிறான். 2019 படத்தில் பென்னின் முதலெழுத்துகள் பொறித்த ஒரு பயணப்பெட்டி வருகிறது. இயக்குநர் ஜோன் வொட்ஸ் வேண்டுமென்றே ஒதுக்கிவைத்ததை 2021 இல் வேறு வழியாகக் கொண்டுவந்தார். அந்த வாசகத்தை இங்கே சொல்பவர் பெரியம்மா மே, சொல்லிவிட்டு இறந்துபோகிறார். தங்கள் வாசகர்கள் சிலர் இதைப் பழைய காட்சியின் நகல் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பென் இறந்தது பீற்றர் உதவாமல் நின்றதால். மே இறப்பது பீற்றர் உதவியதால். வேறு உலகங்களில் இருந்து வந்த எதிரிகளை அவரவர் உலகத்துக்கு அனுப்பிச் சாகவிடாமல், குணப்படுத்திக் காப்பாற்ற முயன்றதன் விலை அது. நல்லது செய்யாதவனுக்குத் தண்டனை என்பது ஒரு கதை. நல்லது செய்தவனுக்கும் இழப்பு வரும், அதன் பிறகும் செய்வாயா என்பது வேறொரு கதை. அதே வாசகம், எதிர்த்திசைக் கேள்வி. நடிப்புக்கு எத்தனை புள்ளி என்று கேட்டுக்கொண்டிருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

அடுத்தது வலை. கொமிக்ஸில் வலைத்திரவத்தையும் மணிக்கட்டில் கட்டும் கருவியையும் பீற்றரே செய்கிறான். நடுவிரல் இரண்டையும் மடக்கி உள்ளங்கையில் அழுத்தினால் வலை பாயும், குப்பி தீர்ந்தால் பாயாது. 2002 படத்தில் வலை அவன் மணிக்கட்டுத் தோலில் இருந்தே வருகிறது. அப்போது ரசிகர்கள் பலர் கொதித்தார்கள், பீற்றரின் புத்திசாலித்தனத்தைப் பறித்துவிட்டார்கள் என்று. அதில் நியாயம் உண்டு. ஆனால் 2004 படத்தின் கதை முழுவதும் அந்த மாற்றத்தில்தான் நிற்கிறது. மனம் சோர்ந்தபோது வலை வரவில்லை, பாதி ஊசலில் விழுகிறான், மின்தூக்கியில் சாதாரண ஆள் போல் இறங்க வேண்டியிருக்கிறது. குப்பியில் திரவம் தீர்ந்தால் வேறு குப்பி மாட்டலாம். மனம் தீர்ந்தால் எதை மாட்டுவது? கருவியாக இருந்தால் இந்தக் கதையை எழுதவே முடியாது.

வெப் மீண்டும் கருவிக்குப் போனார். ஆனால் நூலை பீற்றர் கண்டுபிடிக்கவில்லை, ஒஸ்கோர்ப் நிறுவனம் தயாரித்த வடத்தைக் கொண்டு கருவியை மட்டும் செய்கிறான். கருவி என்றால் உடைக்கலாம்: பல்லி மனிதன் நசுக்குகிறான், 2014 படத்தில் எலெக்ட்ரோ என்ற எதிரியின் மின்சாரம் பொசுக்குகிறது, அதைச் சரிசெய்யும் வழியைக் காதலி குவென் சொல்லிக்கொடுக்கிறாள். 2017 படத்தில் திரவத்தைப் பள்ளிக்கூட இரசாயன வகுப்பில் லாச்சிக்குள் வைத்துக் கலக்குகிறான். உடுப்பு மட்டும் அயர்ன்மேனான டோனி ஸ்டார்க் கொடுத்தது, வலை பாயும் விதங்கள் மாத்திரம் 576. இவ்வளவையும் கொடுத்துவிட்டு ஸ்டார்க் அதைப் பறித்துக்கொள்வதுதான் அந்தப் படத்தின் திருப்பம். உடுப்பு இல்லாமல் நீ ஒன்றுமில்லை என்றால் அது உனக்கு இருக்கவே கூடாது என்கிறார். அதன் பிறகு வீட்டில் தைத்த உடுப்போடு இடிபாட்டுக்குள் நசுங்கிக் கிடந்து, தண்ணீரில் தன் பாதி முகத்தையும் பாதி முகமூடியையும் பார்த்து, கொங்கிறீற்றைத் தூக்கி எழும்புகிறான். 1966இன் அமேசிங் ஸ்பைடர்மேன் 33ஆம் இதழில் டிட்கோ வரைந்த காட்சியின் திரைவடிவம் அது. அந்த இதழில் அவனைத் தூக்கவைப்பது மேயைக் காப்பாற்ற வேண்டுமென்ற நினைப்பு. படத்தில் அவனைத் தூக்கவைப்பது ஸ்டார்க்கின் வார்த்தை. இதில் எங்கள் மனம் கொமிக்ஸ் பக்கம்தான் சாய்கிறது.

வலையில் தொங்கி வீசிச் செல்வது பற்றி உயர்தர பௌதிகவியல் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இது பெரிய ஊஞ்சல்தான். கயிறு கிடையாக இருக்கும் நிலையில் இருந்து ஓய்வில் புறப்பட்டால், கீழ்ப்புள்ளியில் கயிற்றின் இழுவை உடல் நிறையின் மூன்று மடங்கு. கயிறு நீளமா கட்டையா என்பது இதை மாற்றாது. 70 கிலோ ஆள் என்றால் 210 கிலோவைத் தாங்குவதற்குச் சமன். 20 மீற்றர் இறங்கினால் கீழே வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர் அளவில் இருக்கும், மேலே ஏற ஏறக் குறைந்து உச்சியில் ஒரு கணம் பாரமே இல்லாதது போல் இருக்கும். 2002 படத்தின் சில ஷொட்களில் கணினி உருவம் மேலேயும் கீழேயும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறது. கண்ணுக்கு எங்கோ பிழை தெரிகிறது, எது என்று சொல்லத் தெரிவதில்லை. பிழை அதுதான். 2004 படத்தில் இது பெருமளவு திருந்தியது, அதன் காட்சி விளைவுகளுக்கு ஒஸ்காரும் கிடைத்தது. 2012 படத்துக்காக நியூயோர்க் ஹார்லெமில் ஒரு மேம்பாலத்தின் கீழே கயிறுகள் கட்டி, சாகசக் கலைஞரை உண்மையாகவே ஊசலாட விட்டார்கள். கீழே வரும்போது உடல் இழுபட்டு நீள்வதும் மேலே போகும்போது தளர்வதும் அந்த ஷொட்களில் தெளிவாகத் தெரியும்.

திரையின் வடிவமும் கதை சொல்கிறது. 2002 படம் 1.85க்கு 1 என்ற அகல விகிதத்தில் எடுக்கப்பட்டது. கட்டடங்களுக்கு இடையே மேலும் கீழும் போகும் ஆளுக்கு உயரம் வேண்டும். 2004 படம் 2.39க்கு 1, நீளவாக்கில் விரிந்தது. எதிரி டொக்டர் ஒக்டோபஸின் நான்கு இயந்திரக் கைகளும் பக்கவாட்டில் விரிய அது இடம் கொடுக்கிறது. ரயில் சண்டையில் இதைப் பார்க்கலாம். மன்ஹற்றனின் நடுப்பகுதியில் அப்படி உயரத்தூண்களில் ஓடும் ரயில் கிடையாது, அந்தப் பாதையைச் சிக்காகோவில் படம்பிடித்தார்கள்.

எங்கள் ஊர் உட்துறைமுக வீதியில் ஸ்பைடர்மேன் வந்தால் வலையை எதில் ஒட்டுவான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். மிகச் சரியான கேள்வி. 2017 படம் அதே கேள்வியைக் கேட்கிறது: உயரக் கட்டடமே இல்லாத புறநகரில், கோல்ஃப் மைதானத்தில், வலையை ஒட்ட எதுவும் இல்லாமல் பீற்றர் ஓடுகிறான். அவன் இன்னும் தன் இடத்தை அடையவில்லை என்பதை வசனமில்லாமல் சொல்லும் காட்சி.

இதைப் போன்ற இன்னொரு கணக்கு, குவென் ஸ்டேசியின் மரணத்தையும் விளக்கும். 1973 ஜூன் திகதியிட்ட அமேசிங் ஸ்பைடர்மேன் 121ஆம் இதழில், ஜெரி கொன்வே எழுதி ஜில் கேன் வரைந்த கதையில், பாலத்தில் இருந்து விழும் குவெனின் காலை ஸ்பைடர்மேனின் வலை பிடிக்கிறது. அவள் கழுத்தருகே எலும்பு முறியும் ஒலியைச் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். விழுந்ததால் இறந்தாளா, பிடித்ததால் இறந்தாளா என்று வாசகர்கள் எழுதிக் கேட்க, 125ஆம் இதழின் வாசகர் கடிதப் பகுதியில் சட்டென்று நின்றதே காரணம் என்று பதில் வந்தது. கணக்கு எளிது. விழுந்த தூரத்தை, நிற்பதற்கு எடுத்த தூரத்தால் பிரியுங்கள். 45 மீற்றர் விழுந்தவரை அரை மீற்றருக்குள் நிறுத்தினால் புவியீர்ப்பைப் போல் 90 மடங்கு வேகத்தளர்வு. அதே வீழ்ச்சியை 9 மீற்றருக்குள் மெல்ல நிறுத்தினால் 5 மடங்குதான்.

இப்போது படங்களைப் பாருங்கள். 2002 இல் எதிரி கிரீன் கொப்ளின் ஒரு கையில் பீற்றரின் காதலி மேரி ஜேனையும் மறு கையில் பிள்ளைகள் நிறைந்த கேபிள் காரையும் பிடித்துப் பாலத்தின் மேலிருந்து விடுகிறான். 1973 பாலத்தின் நினைவு ரசிகர்களுக்கு வரட்டும் என்றே வைத்த காட்சி. ஆனால் பீற்றர் வலையைக் கீழே அனுப்புவதில்லை, தானே குதித்து அவளை அணைத்துக்கொண்டு ஊசலுக்குள் போகிறான். சட்டென்று நிறுத்துவது இல்லை, திசை மாறுவதுதான். அவள் பிழைக்கிறாள், கணக்கும் தவறவில்லை. 2014 இல் மணிக்கூட்டுக் கோபுரத்துக்குள் குவென் விழுகிறாள். வலை அவளை நோக்கிப் போகும் ஷொட்டில் அதன் முனை விரிந்து நீட்டிய கையைப் போல இருக்கிறது. நிலத்துக்குச் சற்று மேலே பிடிக்கிறது. ஒலி மட்டும் கேட்கிறது. மணிக்கூடு நின்ற நேரம் 1:21, இதழின் இலக்கம். அந்தப் படத்தில் எதிரிகள் மிதமிஞ்சிப் போனார்கள், கதை பல இடத்தில் சிதறுகிறது, ஆனால் இந்த இரண்டு நிமிடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூன்று பீற்றர்களும் ஒன்றாக வரும் 2021 படத்தில் அதே கார்ஃபீல்ட், சுதந்திரச் சிலையின் சாரத்தில் இருந்து விழும், ஹொலண்ட் பீற்றரின் காதலி எம்ஜேயைத் தானே பாய்ந்து கைகளில் ஏந்துகிறார். வலையை முதலில் அனுப்பவில்லை. ஏழு வருடத்தில் அவர் படித்த பாடம் அந்த ஒரு செயலில் இருக்கிறது. பிறகு வரும் அழுகையை எல்லோரும் பாராட்டுகிறார்கள், அதற்கு முந்திய பாய்ச்சலைத்தான் நாங்கள் பாராட்டுவோம்.

2018இன் ஸ்பைடர்வேர்ஸ் கார்ட்டூன் படம்தானே என்று தங்கள் பக்கம் ஒதுக்கியிருந்தது. அதைச் சேர்க்காமல் ஒப்பீடு நிறைவடையாது. காட்டுக்குள் புதிதாக ஸ்பைடர்மேனான சிறுவன் மைல்ஸும் மூத்த பீற்றரும் மரங்களுக்கு இடையே ஊசலாடும் காட்சியில், பீற்றரின் உருவம் செக்கனுக்கு 24 நிலைப்படங்களாக நகர்கிறது, மைல்ஸின் உருவம் 12 படங்களாக. ஒரே சட்டகத்தில் இருவர், ஒருவன் வழுக்கிப் போகிறான், ஒருவன் தட்டுத்தடுமாறுகிறான். அனுபவமின்மையை நடிப்பால் காட்டாமல் படங்களின் எண்ணிக்கையாலேயே காட்டியிருக்கிறார்கள். பின்னால் அவன் கட்டடத்தின் மேலிருந்து குதிக்கும்போது விரல்களில் ஒட்டிய கண்ணாடி உடைந்து கூடவே வருகிறது. பயம் போகவில்லை, பயத்தோடு குதிக்கிறான். கமரா தலைகீழாக இருப்பதால் விழுகிறவன் மேலே எழும்புவதாகத் தெரிகிறது.

முகமூடியின் கண்கள் பற்றியும் ஒரு சொல். ரெய்மி படங்களில் அவை அசையாத வில்லைகள். அதனால்தான் 2002, 2004 உச்சக்கட்டங்களில் முகமூடி கிழிகிறது அல்லது கழற்றப்படுகிறது, முகம் தெரிய வேறு வழியில்லை. ஹொலண்டின் முகமூடியில் கண்கள் சுருங்கி விரிகின்றன, கழற்றாமலே உணர்ச்சி தெரிகிறது. நடிப்புக்குப் புள்ளி போடுபவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி, இதை வீட்டிலோ பாடசாலையிலோ செய்து பார்க்க விரும்புவோருக்கு. நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. திருடனைத் தப்பவிடும் காட்சியை 2002, 2012 படங்களில் இருந்து நான்கைந்து நிமிடத் துண்டுகளாக எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை ஒலியை முழுதாக நிறுத்திப் பாருங்கள், ஷொட் மாறும்போதெல்லாம் தாளில் ஒரு கோடு போடுங்கள். இரண்டாம் தடவை திரையை மூடி ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவை இரண்டும் சேர்த்து. தாளில் ஐந்து நிரல்: சட்டகத்தில் யார், எத்தனை செக்கன், கமரா எந்த உயரத்தில், என்ன ஒலி, அந்தக் கணத்தில் பீற்றருக்கு என்ன தெரியும். ஐந்தாவது நிரலைத்தான் எல்லோரும் வெறுமையாக விடுவார்கள், அதில்தான் விசயம் இருக்கிறது. வீடியோ ஓட்டும் விஎல்சி (VLC) செயலியில் ஆங்கில 'ஈ' (E) விசையை அழுத்தினால் ஒவ்வொரு நிலைப்படமாக நகர்த்தலாம்.

கெட்டுப்போகும் இடங்கள் சில. எங்கள் நாட்டுக்கு வந்த பழைய டிவிடிகள் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிந்தவை. செக்கனுக்கு 24 படம் ஓட வேண்டியதை 25 ஆக ஓட்டுவதால் 4 சதவீதம் வேகம் கூடும். 121 நிமிட 2002 படம் ஏறக்குறைய 116 நிமிடத்தில் முடிந்துவிடும், இசையின் சுருதியும் சற்று ஏறியிருக்கும். ஒரு துண்டை டிவிடியில் இருந்தும் மற்றதை இணையத்தில் இருந்தும் எடுத்தால் செக்கன் கணக்கு பொருந்தாது. இரண்டும் ஒரே வகையாக இருக்கட்டும். புதிய தொலைக்காட்சிகளில் அசைவை மென்மையாக்கும் வசதி ஒன்று இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் வேறு. அது இல்லாத நிலைப்படங்களைத் தானே உருவாக்கி இடையில் செருகும். ஸ்பைடர்வேர்ஸின் 12 படக் கணக்கு அதில் அழிந்துவிடும், மைல்ஸும் பீற்றரும் ஒரே மாதிரி நகர்வார்கள். அமைப்புகளில் போய் அணைத்துவிடுங்கள். திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துப் பெருப்பிக்கவும் வேண்டாம், மேலும் கீழும் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். தமிழ் மொழிமாற்றத்தில் பார்ப்பது நல்லதுதான், வசனத்துக்கு அதுவே வசதி. ஆனால் சில பதிப்புகளில் வசனத்துக்குப் பின்னால் உள்ள சின்ன ஒலிகள் அமுங்கிவிடும். குவென் காட்சியை மூல ஒலியில் கேட்க வேண்டும்.

எங்கள் ஊரில் யன்னலை அடைத்துவிட்டுப் பகலில் புரொஜெக்டர் போட்டால் வெக்கை தாங்காது, திறந்துவைத்தால் வெளிச்சம் திரையைக் கழுவிவிடும். மாலை ஆறரைக்குப் பிறகு போடுங்கள். 2021 படத்தின் உச்சக்கட்டம் முழுவதும் இரவில் நடப்பதால் சாயங்கால வெளிச்சத்தில் யார் எந்தப் பீற்றர் என்றே தெரியாது.

ஆசிரியர் அவர்களே, சினிமாப் பக்கத்தில் அடுத்தமுறை வாசகர்களிடம் கேள்வி கேட்கும்போது, விழுபவளைப் பிடிக்கும் காட்சியை மட்டும் கொடுத்து 2002, 2014, 2021 மூன்றிலும் அவன் முதலில் எதை அனுப்பினான், வலையையா தன்னையா என்று கேளுங்கள். முதல் கதை பற்றிய திருத்தத்தையும் பெட்டிச் செய்தி வந்த அதே பக்கத்தில் பிரசுரித்தால் நன்றி.

இப்படிக்கு,
நாடகமும் அரங்கியலும் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.